கடைசியாகப் படிக்கிறவன்

ஃபஹாஹீல், குவைத்
10 ஜனவரி 2025

கார்மேகம் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. ஒன்பது முறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. "கார்மேகத்துக்குப் போன்ல பேச வராது, எழுதச் சொன்னா பத்து பக்கம் எழுதுவான்" என்று என் அண்ணன் கிளிட்டஸ் சொல்லிச் சிரிப்பான். அதனால்தான் டியூட்டி முடிந்த கையோடு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கம்பெனியின் தபால் பெட்டி எண் அவன் அனுப்பிய ஒரு பழைய கவரில் இருந்தது.

அவன் காணாமல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அலைத்தடுப்புக் கட்டும் வேலைக்குக் கம்பெனி அனுப்பிய பார்ஜ் கப்பலில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டீ குடிக்க எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. பலகையில் செருப்பு மட்டும் இருந்தது. பத்து நாள் தேடினார்கள். அதற்கான காகிதம் என்னிடம் இருக்கிறது. நான் நர்ஸ் அண்ணே, காகிதம் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியும்.

அம்மாவுக்குப் புரியவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு, அவர்கள் உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்து அடக்கம் பண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். பங்குச் சாமியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார். அம்மா முடியாது என்கிறாள். வாசல் கதவை ராத்திரியும் சாத்துவதில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அவள் வாய்விட்டு அழவில்லை. "கூடப் படுத்துக் கெடந்தவன் கார்மேகம். அவன் சொல்லட்டும், எனக்க பிள்ளை வரமாட்டான்னு. நான் நம்புதேன்" என்கிறாள்.

நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

அஜிஷா


சோனாப்பூர், துபாய்
26 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி அஜிஷாவுக்கு, கார்மேகம் எழுதிக்கொண்டது.

போனை எடுக்காதது என் தப்புதான். எடுத்தால் நீ என்ன கேட்பாய் என்று தெரியும். ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், சிரிக்காமல் படி.

உன் அண்ணனுக்கும் எனக்கும் பழக்கம் வந்ததே 'நங்கூரன்' காமிக்ஸால்தான். முப்பத்தாறு வருடமாகச் சிவகாசியிலிருந்து வருகிற புத்தகம். நங்கூரன் என்று ஒரு முத்துக்குளிப்பவன், கடலுக்கு அடியில் துப்பறிகிறவன். நான் முதுகுளத்தூரில் ஆடு மேய்த்துக்கொண்டு படித்தேன், அவன் உங்கள் கட்டுமரத்தில் உட்கார்ந்து படித்தான். இங்கே வந்து ஒரே அறையில் விழுந்தோம். அறையில் எட்டுக் கட்டில், புத்தகம் ஒன்று. ஊருக்குப் போய்வருகிற யாராவது ஊறுகாய்க்கும் மிக்சருக்கும் நடுவே வைத்துக் கொண்டுவருவார்கள். வந்த அன்றைக்கே அடிதடி. அதனால் கிளிட்டஸ் ஒரு வழி கண்டுபிடித்தான்.

புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு பின் அடித்திருக்கும். அதைக் கழற்றினால் பதினாறு பதினாறு பக்கமாக ஆறு கட்டு தனித்தனியே வரும். ஃபாரம் என்று சொல்வார்கள். முதல் ஃபாரம் ஜன்னலோரக் கட்டிலில் ஆரம்பிக்கும். அவன் படித்துக் கீழ் மூலையில் பென்சிலால் தன் குறியைப் போட்டு அடுத்த கட்டிலுக்குத் தள்ளுவான். இப்படிக் கட்டில் கட்டிலாக வந்து கதவோரக் கட்டிலில் முடியும். அது கிளிட்டஸ் கட்டில். கடைசியாகப் படிக்கிறவன்தான் ஆறையும் அடுக்கி, பழைய ஓட்டையிலேயே பின்னைச் செருகி, கரண்டிக் காம்பால் அழுத்திப் புத்தகமாக்கி என்னிடம் கொடுக்க வேண்டும். அலமாரி என் பொறுப்பு.

கிளிட்டஸின் குறி ஒரு தூண்டில் முள். கதை பிடித்திருந்தால் முள் மேலே பார்க்கும், பிடிக்காவிட்டால் கீழே பார்க்கும். வாயைத் திறந்து ஒரு அபிப்பிராயம் சொல்ல மாட்டான். நாங்கள் விமரிசனம் என்று நாலு நாள் கத்திக்கொண்டிருப்போம், அவன் ஒரு முள்ளைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் போன பிறகு மூன்று இதழ் வந்தது. மூன்றும் சுற்றுக்குப் போய், பின் போட்டு, என் தலையணைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றின் மூலையிலும் முள் இருக்கிறது.

அறையில் ஒவ்வொருத்தனாகக் கேட்டேன். விஜயபாஸ்கர் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். கௌஸ் முகைதீன், "நீயே போட்டுட்டு எங்களக் கேக்குறியாக்கும்" என்று சண்டைக்கு வந்தான். கிளிட்டஸின் கட்டிலில் இப்போது யஹ்யா என்று ஒரு சூடான்காரன் படுக்கிறான். டிரைவர், பரம சாது, தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது.

அடுத்து வரப்போவதுதான் நங்கூரனின் கடைசி இதழ். பதினொரு வயதிலிருந்து அந்த முடிவுக்காகக் காத்திருந்தவன் அதைப் படிக்காமல் போவானா? கடலில் பிறந்தவன் தங்கச்சி அவன். என்னால் அந்த வரியை எழுத முடியாது.

கார்மேகம்


ஃபஹாஹீல்
9 பிப்ரவரி 2025

கார்மேகம் அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட எழுந்து, பிறகு மடித்து வைத்தேன்.

என் போனை எடுக்காதவர் அம்மாவின் போனை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்! முள் குறியைப் பற்றி அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள். நேற்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள், "எனக்க பிள்ளை கதை படிக்கியான் மக்களே. படிச்சு முடிச்சிட்டு வருவான்." அவனுக்கென்று தனியாகச் சோறு எடுத்து வைக்கிறாளாம், காலையில் கோழிக்குப் போடுகிறாளாம். அக்கம்பக்கத்தார் எனக்குப் போன் பண்ணி அழுகிறார்கள். ஒரு தாயை இப்படிச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

என் வார்டில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள், இன்னும் அவர் இருமல் கேட்கிறது என்பார்கள். புதுப் பேஷண்டை அந்தக் கட்டிலில் போட்டால் நின்றுவிடும். நீங்களும் அப்படித்தான். உங்கள் நங்கூரன் காகிதம். அவனுக்கு வேண்டுமானால் எழுதுகிறவர் உயிர் கொடுப்பார். என் அண்ணனுக்கு எழுதுகிறவர் யாரும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கேட்கக் கூடாதுதான். அந்த முள்ளின் நுனியில் உள்பக்கமாகத் திரும்பும் குட்டிப் பல் இருக்கிறதா? இரையைக் கடித்த மீன் கழன்றுவிடாமல் இருக்க இருக்குமே, அது. அந்தக் குறி கிளிட்டஸ் கண்டுபிடித்தது அல்ல. எங்கள் அப்பா துடுப்பில் சூடு போட்டு வைத்த குறி.

பல் இல்லையென்றால் அது அவன் போட்டதில்லை. பார்த்து எழுதுங்கள். பார்த்த பிறகாவது அம்மாவுக்கு உண்மையை எழுதுங்கள்.

அஜிஷா


சோனாப்பூர்
9 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே அலமாரியைத் திறந்து பார்த்தேன். பல் இல்லை. மூன்றிலும் இல்லை. கைத்தடி மாதிரி வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்று முள்ளும் மேலே பார்க்கின்றன. அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ் மகா அறுவை, அதற்குமா மேலே? கண்ணைத் திறந்துகொண்டே குருடனாக இருந்திருக்கிறேன். இருந்தாலும் உனக்கு எழுதக் கை வரவில்லை. கடைசி இதழ் வரட்டும் என்று இருந்தேன்.

வந்தது. கௌஸ் முகைதீன் கீழக்கரைக்குப் போய்விட்டு, பதினேழு நாள் முன்னால் கொண்டுவந்தான். அன்றைக்கு அறையில் யாரும் சமைக்கவில்லை. பின்னைக் கழற்றியது நான்தான்.

முடிவை உனக்குச் சொல்லிவிடுகிறேன். நங்கூரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறான். மேலே படகில் ஒரு விளக்கு எரிகிறது. அடுத்த பக்கத்தில் கயிற்றை மேலே இழுக்கிறார்கள், வெறும் கயிறு வருகிறது. அதற்கு அடுத்தது கடைசிப் பக்கம். முழுப் பக்கத்துக்கும் கடல். ஆள் இல்லை, வசனம் இல்லை. 'முற்றும்' என்று போடவில்லை.

அறை இரண்டாகப் பிளந்துவிட்டது தங்கச்சி. விஜயபாஸ்கர் ஃபாரத்தைத் தூக்கி எறிந்தான். "இதுக்கா முப்பத்தாறு வருசம் காத்துக் கெடந்தோம்? செத்தான்னா செத்தான்னு காட்டுறதுக்கு என்ன கேடு?" கௌஸ் விடவில்லை. "முற்றும்னு எங்க போட்டிருக்கான், காட்டு பாப்போம். முடியலங்குறேன்!" ஞாயிற்றுக்கிழமை ரோலாவில் ஒரு டீக்கடை மாடியில் வாசகர்கள் நாற்பது பேர் கூடினோம். ஒருத்தர் கறுப்புச் சட்டையில் வந்தார். அஜ்மானிலிருந்து ஒரு கிரேன் ஆப்பரேட்டர் தானே இன்னும் எட்டுப் பக்கம் வரைந்து, நங்கூரனைக் கரையேற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் உன் அம்மாவுக்கு அந்த எட்டுப் பக்கத்தைத்தானே வரைந்து கொடுத்திருக்கிறேன்?

அறைக்குத் திரும்பினால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கிளிட்டஸ் இருந்திருந்தால் முள்ளை எந்தப் பக்கம் போட்டிருப்பான்? கீழே என்கிறான் விஜயபாஸ்கர். மேலே என்கிறான் கௌஸ். சத்தம் கேட்டு யஹ்யா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். விஷயம் புரியாமல், இந்தியும் அரபியுமாக, "பாய், கடைசிக் கட்டு இன்னும் எனக்கு வரலையே. நான்தானே பின் போடணும்?" என்று கேட்டான்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வந்த புதிதில், யாரோ பழக்கதோஷத்தில் தள்ளிய ஃபாரம் அவன் கட்டிலில் வந்து விழுந்திருக்கிறது. பழைய இதழ்களை எடுத்துப் பார்த்திருக்கிறான். இந்தக் கட்டிலுக்கு இதுதான் குறி, இந்தக் கட்டில்காரன்தான் பின் போட வேண்டும், இது அறையின் சட்டம் என்று நினைத்துவிட்டான். படம் பார்த்துவிட்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, பின்னைப் போட்டு, சத்தமில்லாமல் என் தலையணைமேல் வைத்திருக்கிறான். நான் போன தடவை விசாரித்தபோது அவனை மட்டும் கேட்கவில்லை. தமிழ் தெரியாதவனிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். அந்தக் குறி யாருடையது என்று விஜயபாஸ்கர் சொன்னதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் படுக்கவே இல்லை, தரையில் படுக்கிறான்.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். ஒரு வரிதான் கேட்டாய், இரண்டு பக்கம் ஆகிவிட்டது. அவன் வரமாட்டான் என்று எழுதினேன். எழுதிய பிறகு குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்த பாவத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரே ஒரு ஆசை. கடைசி இதழை இத்துடன் அனுப்புகிறேன். பெட்டியில் அவன் சட்டையோடு வைத்துவிடு, முடிவு தெரியாமல் அவன் போகக் கூடாது. ஆறு ஃபாரமும் தனித்தனியாகத்தான் இருக்கும். நான் பின் போடவில்லை, கடைசியாகப் படிக்கிறவன்தான் போட வேண்டும். யஹ்யாவையும் தொட விடவில்லை. மூலையும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இரண்டு பின்னையும் இந்தக் கடிதத்தின் அடியில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பெட்டியை மூடும் முன்னால் அவனுக்காக நீ போட்டுவிடு.

கவரின் நாலு பக்கமும் பிரவுன் டேப் ஒட்டி, டேப்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கலையாமல் வந்ததா என்று எழுது.

கார்மேகம்


ஃபஹாஹீல்
6 ஏப்ரல் 2025

கார்மேகம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் வாசித்துக் காட்டினாராம். அம்மா கேட்டு முடித்து, எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாளாம். பிறகு அழுதாளாம், தெருவே வந்து நிற்கும்படி. மறுநாள் என்னிடம், "கார்மேகம் சொல்லியாச்சு. பெட்டி செய்யச் சொல்லு மக்களே" என்றாள். ஈஸ்டர் முடிந்து 26ஆம் தேதி சனிக்கிழமை பூசை. எனக்கு லீவ் கிடைத்துவிட்டது. உங்கள்மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கவர் கையெழுத்து கலையாமல் வந்தது. நான்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன். ரூமில் தனியாக இருந்தேன். மதியம், நல்ல வெளிச்சம்.

புத்தகத்தில் பின் போட்டிருக்கிறது.

நீங்கள் ஒட்டி அனுப்பிய இரண்டு பின்னும் கடிதத்தில் செலோடேப்புக்கு அடியில் அப்படியே பளபளவென்று இருக்கின்றன. புத்தகத்தில் இருப்பவை வேறு. துருப்பிடித்து, கால்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. உப்புத்தான்.

கடைசிப் பக்கத்தின் மூலையில் முள் குறி இருக்கிறது. பல்லோடு.

உங்களைத் திட்டி எழுதியவள் நான், காகிதத்தை நம்பு என்று சொன்னவள் நான். இப்போது மூன்று நாளாக வார்டில் மருந்து எடுத்து வைக்கும்போது இரண்டு தடவை எண்ணுகிறேன். இதை அம்மாவிடம் சொன்னால் சாத்திய கதவை மறுபடி திறந்துவிடுவாள், பிறகு சாகும்வரை சாத்த மாட்டாள். சொல்லாமல் பெட்டியில் வைத்து மூடினால், மூடுவது எதை என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணே, நீங்கள்தான் பின் போட்டீர்கள் என்று எழுதுங்கள். வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன். கூரியரில் அனுப்புங்கள், 24ஆம் தேதி கிளம்புகிறேன்.

அஜிஷா


சோனாப்பூர்
12 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான்தான் பின் போட்டேன். பார்ஜ் வேலை நடந்த சைட்டில் ஒரு பழைய பின் டப்பா கிடந்தது, அதிலிருந்து எடுத்தேன். உப்புக்காற்றில் கிடந்த டப்பா. போட்டதை மறந்துவிட்டு, போடவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது, நேற்று ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டே தேடினேன். குறியும் நான் போட்டதுதான். நீ பல் என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துப் போட்டேன்.

இனி இதைப் பற்றி யோசிக்காதே. நிம்மதியாக ஊருக்குப் போ. புத்தகத்தைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கமாக வை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேரும் டியூட்டி மாற்றிக்கொண்டு அறையில் இருப்போம். யஹ்யா நோன்பு இருக்கிறேன் என்றான். அவன் இப்போது மறுபடியும் கட்டிலில்தான் படுக்கிறான், நான்தான் படுக்கச் சொன்னேன். நங்கூரன் முடிவைப் பற்றிக் கௌஸ் எடிட்டருக்கு எழுதிய பதினான்கு பக்கக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்துவிட்டான், கேட்டால் இருக்கட்டும் என்கிறான்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லம்மா. வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முள் மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா?

கார்மேகம்